நாலு பேர் குறைந்த கணக்கு

1908 ஏப்ரல் 23 அன்று ரங்கூனிலிருந்து கிளம்பிய சிறு குழு ஒன்று இங்கிலாந்து வந்து சேர்ந்தது. பர்மியச் சீமாட்டி ஒருவர், அவர் மகன், மருமகள், அவர்களோடு மஞ்சள் சீவரம் போர்த்திய ஓர் ஆங்கிலேயர். லண்டனில் ஆலன் பென்னட்டாகப் பிறந்து, பர்மாவில் ஆனந்த மெத்தேயர் என்ற பெயரில் பிக்குவானவர் அவர். வயது 35. பிறந்த ஊரில் புத்தரின் சங்கத்தை ஊன்றிவிட வேண்டும் என்பது அவருடைய கனவு. அக்டோபர் 2 அன்று குழு மூட்டை கட்டிவிட்டது. மறுபடி வந்து நிரந்தரச் சங்கம் அமைப்பதாகத் திட்டம் இருந்தது. மறுபடி வரவும் செய்தார்; ஆனால் 1914இல், சீவரத்தைக் களைந்துவிட்டு, மூச்சு வாங்கும் நோயாளியாக.

மேலைநாட்டுப் பௌத்தத்தைப் பற்றிய புத்தகங்களில் இந்தக் கதை பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடுகிறது. நோய், தெருவில் கேலி, சரியாகப் பேசத் தெரியாத பேச்சாளர் என்று காரணம் சொல்லி அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஆறு ஆண்டு பர்மாவில் துறவியாக நிலைத்தவர், சொந்த ஊரில் ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல் போனதற்கு இன்னும் ஏதாவது இருக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

உண்மையில் நான் தேடிப் போனது இவரையல்ல, சேர் பொன்னம்பலம் இராமநாதனை. இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த அந்தச் சைவர், ஸ்ரீ பரானந்தர் என்ற பெயரில் மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்கு உரை எழுதியவர். அந்தப் பெயரைத் தொடர்ந்து போனால் அலெய்ஸ்டர் குரோலியின் தன்வரலாறு வந்து நிற்கிறது. மந்திரவாதம், மலையேற்றம், ஊர்வம்பு என எல்லாவற்றிலும் கைவைத்த அந்த மனிதர், தன் நண்பர் ஆலன் பென்னட் 1900இல் ஆஸ்துமாவுக்கு இதமான தட்பவெப்பம் தேடிக் கொழும்புக்கு வந்ததையும், இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்து அவரிடமே யோகம் கற்றதையும் சொல்கிறார். ஒரு தமிழ்ச் சைவர் கிறிஸ்தவர்களுக்குச் சுவிசேஷத்தை விளக்கிக்கொண்டிருந்த வீட்டில், ஓர் ஆங்கிலேயர் பௌத்தத் துறவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். இதற்கு மேல் இராமநாதனை ஓரமாக வைத்துவிட்டு பென்னட்டின் பின்னால் போகாமல் இருக்க முடியவில்லை.

முதலில் சாட்சிகளை எடைபோட வேண்டியிருந்தது. 1908 பயணத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பெரும்பாலான தகவல், கிறிஸ்துமஸ் ஹம்ப்ரீஸ் எழுதிய இரண்டு நூல்களிலிருந்து வருகிறது. ஒன்று 1937, இன்னொன்று 1968. ஹம்ப்ரீஸ் பெரிய வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. 1924இல் லண்டனில் பௌத்த லாட்ஜைத் தொடங்கியவர். நம்பத்தக்க மனிதர்தான். ஆனால் அவர் பிறந்தது 1901இல். பென்னட் லண்டன் தெருவில் நடந்தபோது இவருக்கு வயது ஏழு. எழுதியதெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டது. அவருடைய நீதிமன்றத்தில் இப்படி ஒரு சாட்சி வந்திருந்தால் அவரே குறுக்கிட்டிருப்பார். இரண்டாவது சாட்சி குரோலி. தன்னைப் பற்றிப் பெருமை பேசாத பக்கமே அவர் எழுதியதில்லை. ஆனால் பென்னட்டின் மீது மட்டும் கடைசிவரை மரியாதை குறையவில்லை. மூன்றாவது, கொழும்பின் காசியஸ் பெரேரா. 1901இல் பென்னட் கொழும்பில் ஆற்றிய நான்கு வாய்மைகள் பற்றிய உரையைச் சிறுவனாகக் கேட்டு, பின்னாளில் தாமே கஸ்ஸப தேரராகத் துறவேற்றவர். அவர் எழுதியது பக்தனின் நினைவு. இவர்களையெல்லாம் ஒன்றுசேர்த்து நிதானமாக எழுதப்பட்ட நூல், எலிசபெத் ஹாரிஸின் ஆய்வு. 1998இல் கண்டியிலிருந்து வந்தது. என் தேடலில் பாதி தூரம் அந்தச் சிறுநூல் போட்ட பாதைதான்.

சந்தேகத்துக்குரிய காரணங்களில் எளிதில் கழன்று விழுந்தது அவதூறு. குரோலியின் நண்பர் என்பதால் பென்னட்டின் பெயரும் லண்டன் பத்திரிகை ஒன்றில் நாறியது உண்மை. ‘லுக்கிங் கிளாஸ்’ என்ற அந்த ஏடு அவரைப் போலி பிக்கு என்று ஏசியது. அதே கட்டுரையில் பெயர் இழுபட்ட இன்னொரு நண்பர் மானநஷ்ட வழக்குப் போட்டுத் தோற்றார். ஆனால் வழக்கு நடந்தது 1911 ஏப்ரலில். குழு கிளம்பியது 1908 அக்டோபரில். தேதியைப் பார்த்தாலே போதும்.

நோய் அப்படி எளிதாகக் கழலாது. இளவயது முதலே ஆஸ்துமா. வேதியியல் படித்த மனிதர். மருந்தென்று எடுத்துக்கொண்ட அபினும் மார்ஃபினும் கோகெய்னும் மாறி மாறி அவரை ஆட்டிவைத்ததைக் குரோலி மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1914இல் சீவரத்தைக் களையச் செய்ததும் இந்த நோய்தான். ஆனால் 1908இல் அவர் லண்டனில் இருந்தது ஏப்ரலிலிருந்து செப்டம்பர் முடியும்வரை, அந்த ஊரின் நல்ல பருவம். குளிருக்கு முன் ஏன் கிளம்பினார் என்பதற்கு நோய் விடை சொல்லும். அவர் போன பிறகு அங்கே எதுவும் ஏன் மிஞ்சவில்லை என்பதற்கு அது விடையாகாது.

அவர் எப்படி வாழ்ந்தார் என்று பார்க்கத் தொடங்கியபோதுதான் பிடி கிடைத்தது. பிக்குகளுக்கான விநய விதிகளை லண்டன் வாழ்க்கையின் மேல் வைத்துப் பாருங்கள். பெண் உறங்கும் கூரையின் கீழ் பிக்கு உறங்கக்கூடாது. ஆகவே சீமாட்டியின் குடும்பத்துக்கு ஒரு வீடு, பிக்குவுக்கு ஒரு வீடு. பணத்தைக் கையால் தொடக்கூடாது. ரயில் சீட்டுக்கூட இன்னொருவர்தான் வாங்க வேண்டும். குதிரை இழுக்கும் வண்டியில் ஏறக்கூடாது. 1908 லண்டனில் வாடகை வண்டியென்றால் இன்னும் பெரும்பாலும் குதிரைதான். நடந்து போனாலோ மஞ்சள் சீவரத்தைப் பார்த்துப் பையன்கள் கூச்சல் போட்டார்கள். நண்பகலுக்குப் பிறகு உணவு கிடையாது. அந்த உணவையும் தானே எடுத்துச் சாப்பிட முடியாது. யாராவது கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். மேசை நிறையப் பண்டம் இருந்தாலும், எடுத்துக் கொடுக்க ஆளில்லாவிட்டால் பிக்கு பட்டினி. ஆங்கிலேய மேல்தட்டு வீடுகளில் விருந்து தொடங்குவதே இரவு எட்டு மணிக்கு.

இந்த விதிகளை வெறும் சங்கடங்களாகத்தான் ஹம்ப்ரீஸ் பட்டியல் போடுகிறார். எனக்கு அவை வேறு மாதிரித் தெரிந்தன. இந்த ஒவ்வொரு விதியும் பிக்குவின் பக்கத்தில் இன்னொரு மனிதரைக் கட்டாயமாக்குகிறது. சமைக்க ஒருவர், கையில் கொடுக்க ஒருவர், பணம் வைத்துக்கொள்ள ஒருவர். தனியாக வாழ முடியாதபடி திட்டமிட்டுச் செய்யப்பட்ட வாழ்க்கை அது. பர்மாவில் அந்த இன்னொருவர் தெருவெங்கும் இருந்தார். லண்டனில்?

லண்டனில் இருந்தது ஒரு சங்கம்; ஆனால் பிக்கு சங்கமல்ல, சந்தா சங்கம். அவர் வருவதற்குச் சில மாதம் முன்பு, 1907 நவம்பரில், பிரிட்டன் அயர்லாந்து பௌத்த சங்கம் தொடங்கப்பட்டது. தலைவர் பேராசிரியர் ரீஸ் டேவிட்ஸ். பாலி நூல் கழகத்தை நிறுவியவர். உறுப்பினராக பௌத்தராக இருக்க வேண்டியதில்லை, ஆர்வம் இருந்தால் போதும். அறிஞர்கள், மருத்துவர்கள், ஓய்வுபெற்ற ராணுவத்தினர். பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பக்கத்தில் பரி தெருவில் ஒரு பௌத்தப் புத்தகக் கடை நடந்தது. ‘கிறிஸ்தவ நாட்டில் இதென்ன கடை?’ என்று சண்டை போட உள்ளே போன ஃபிரான்சிஸ் பேய்ன், படித்துப் பார்க்கக் கொடுத்ததை வாங்கிப் போய்ப் பின்னாளில் இங்கிலாந்தின் முக்கியமான பௌத்தப் பேச்சாளரானார். 1909 முதல் காலாண்டிதழ் ஒன்றும் வந்தது. இவ்வளவும் நல்ல வேலைதான். ஆனால் இவர்களில் எத்தனை பேர் காலையில் எழுந்து ஒரு மனிதருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கத் தயார்? ஆனந்த மெத்தேயருக்கு லண்டனில் வாசகர்கள் கிடைத்தார்கள், பிக்குவுக்கு உணவும் தேவைகளும் தரும் தாயகர்கள் கிடைக்கவில்லை.

தாயகர் என்று சொல்லத்தக்கவர் அந்தப் பர்மியச் சீமாட்டி ஒருவரே. ஆங்கில நூல்கள் பெரும்பாலும் அவரைத் திருமதி ஹ்லா அவுங் என்றே குறிக்கின்றன. கணவர் பெயரில்தான் அவர் வரலாற்றில் இருக்கிறார். கணக்குப் புத்தகத்தின் பக்கமாகப் பார்த்தால் இங்கிலாந்துப் பௌத்தத்தின் முதல் பெயர் இவருடையது. பயணச் செலவு, தங்கும் செலவு அவர் குடும்பத்துடையது. அதற்கு முன்பே, பென்னட் ரங்கூனில் 1903 செப்டம்பரில் தொடங்கிய ‘புத்திசம்’ என்ற படங்களோடு கூடிய ஆங்கில இதழை, ஐரோப்பாவில் 500க்கும் மேற்பட்ட நூலகங்களுக்கு இலவசமாக அனுப்ப முடிந்ததும் அவர் பணத்தால்தான். ‘மேற்கு கிழக்கைத் தேடிக் கண்டெடுத்தது’ என்ற பழைய பல்லவியை இந்த ஒரு விவரமே அடித்துவிடுகிறது. அந்த நூலக மேசைகளில் இதழைப் புரட்டிய ஐரோப்பியருக்கு அதை வாங்கிப் போட்டது ஒரு பர்மியப் பெண்ணின் பணம். அவர் குடும்பம் ஊர் திரும்ப வேண்டிய நாளில் பிக்குவும் திரும்பியாக வேண்டும். அங்கே இருந்தால் மறுநாள் காலை அவர் கையில் உணவு வைக்க யார் இருக்கிறார்கள்?

இத்தோடு வழக்கை முடித்திருக்கலாம். ஆனால் திரும்பி வந்து நிரந்தரச் சங்கம் அமைப்பது என்ற அந்தத் திட்டம் உறுத்தியது. எத்தனை பேர் இருந்தால் சங்கம்? இதற்கு விடை லண்டன் காகிதங்களில் இல்லை, விநயத்தில் இருக்கிறது. (தமிழர் இந்த விஷயத்தில் கூச்சப்பட வேண்டியதில்லை, விநயத்தைச் சுருக்கித் தரும் ‘விநயவிநிச்சயம்’ என்ற பாலி நூலை புத்ததத்தர் எழுதியது காவிரிக் கரைப் பூதமங்கலத்தில் இருந்துகொண்டுதான்.) விநயத்தின் மகாவக்கத்தில், தோல் செருப்பைப் பற்றிப் பேசும் பகுதியில் சோணகுடிகண்ணர் கதை வருகிறது. அவந்தி நாட்டுக்காரர். துறவு முழுமையடைய உபசம்பதை பெற வேண்டும். அதற்குப் பத்துப் பிக்குகள் கூட வேண்டும். அந்த எல்லை நாட்டில் பத்துப் பேரைத் திரட்ட அவருடைய ஆசிரியர் மகாகச்சாயனருக்கு மூன்று ஆண்டு பிடித்தது. பிறகு சோணர் புத்தரைப் பார்க்கப் போனபோது ஆசிரியர் சொல்லியனுப்பிய வேண்டுகோள்களில் ஒன்று, எங்கள் ஊருக்கு எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுங்கள் என்பது. புத்தர் எல்லை நாடுகளுக்குப் பத்தை ஐந்தாகக் குறைத்தார்.

ஐந்து. 1908 லண்டனில் இருந்தவர் ஒருவர். நாலு பேர் குறைவு.

அதாவது, வெயில் காய்ந்திருந்தாலும், தெருப் பையன்கள் மரியாதையாக நடந்திருந்தாலும், மேடையில் தலை குனிந்து எழுதிவைத்ததை வாசிக்காமல் அவர் சிங்கம்போல் பேசியிருந்தாலும், ஆனந்த மெத்தேயரால் ஒரே ஒரு ஆங்கிலேயரைக்கூட லண்டனில் பிக்குவாக்கியிருக்க முடியாது. தனக்குப் பின் ஒருவரை விட்டுப்போக அவருக்கு விதியில் இடமே இல்லை. பதினைந்து நாளுக்கொருமுறை பிக்குகள் கூடிப் பாதிமோக்கம் என்ற விதித் தொகுப்பை ஓதுவதற்கே நாலு பேர் வேண்டும். இது அவருக்குத் தெரியாததல்ல. 1902 மே மாதம் அக்யாபில் பிக்குகள் கூட்டம் சூழ உபசம்பதை பெற்றவர் அவர். திரும்பி வருவது, சங்கம் அமைப்பது என்று பேசியதன் பொருள், அடுத்த முறை ஆட்களோடு வருவது என்றுதான் நான் படிக்கிறேன்.

இதே கணக்கை வைத்து மற்றவர்களைப் பார்த்தால் பல விஷயம் துலங்குகிறது. பென்னட்டுக்கு முன்பே ரங்கூனில் சீவரம் அணிந்த ஐரிஷ்காரர் தம்மலோகரை எடுத்துக்கொள்ளுங்கள். டப்ளினில் பிறந்து, அமெரிக்காவில் நாடோடியாகத் திரிந்து, கப்பல் வேலை பார்த்து, 1900இல் பிக்குவானவர். அலிசியா டர்னர், லாரன்ஸ் காக்ஸ், பிரையன் பாக்கிங் ஆகிய மூவரும் ஆசியா முழுவதிலுமுள்ள பழைய செய்தித்தாள்களைச் சல்லடை போட்டு அவரை மீட்டெடுத்தார்கள். 2020இல் புத்தகமாக வந்தது. சங்கத்து அறிக்கைகளில் இல்லாத மனிதரை நீதிமன்றச் செய்திகள் காட்டிக்கொடுத்தன: மிஷனரிகள் பைபிளோடு சாராயப் புட்டியையும் துப்பாக்கியையும் கொண்டுவருகிறார்கள் என்று பேசியதற்காக 1910இல் மௌல்மீனில் வழக்கு, அடுத்த ஆண்டு மேல்முறையீடும் தள்ளுபடி. 1912இல் அவர் இறந்துவிட்டதாகப் பத்திரிகையில் கடிதம் வந்தது. 1914இல் பாங்காக்கில் நடமாடிக்கொண்டிருந்தார்! இப்படிப்பட்டவர் பத்தாண்டுக்கு மேல் பிக்குவாகத் தாக்குப்பிடித்தது எப்படி? அவர் சோறு கிடைக்கும் ஊர்களிலேயே இருந்தார். ரங்கூன், சிங்கப்பூர், பினாங்கு, கொழும்பு. லண்டன் பக்கம் சங்கம் வைக்கப் போகவே இல்லை.

1928இல் இலங்கைப் பௌத்தத் தலைவர் அநகாரிக தர்மபாலர் அங்கிருந்து பிக்குகளை லண்டனுக்கு அனுப்பி விகாரம் அமைத்தார். எத்தனை பேர்? மூன்று. பாதிமோக்கத்துக்கே ஒருவர் குறைவு. 1950களில் வில்லியம் பர்ஃபஸ்ட் பிக்குவாக விரும்பியபோதும், அவரைத் தொடர்ந்தவர்கள் விரும்பியபோதும் எல்லோரும் பாங்காக்குக்குத்தான் போனார்கள். 1966இல் லண்டனில் தாய்லாந்துக் கோயில் திறந்த பிறகு பிக்குகளின் தொகை கூடத் தொடங்கியது.

கணக்கு எனக்கு நேராகத் தொடங்கியது 1977இல். தாய்லாந்து வனத்துறவி அஜான் சா, அமெரிக்கச் சீடர் சுமேதோவோடு லண்டன் ஹேம்ஸ்டெட்டில் ஒரு வீட்டுக்கு வந்தார். சுமேதோவோடு தங்கியவர்கள் மேலைநாட்டில் பிறந்து தாய்லாந்தில் பயின்ற பிக்குகள், அவரையும் சேர்த்து மொத்தம் நால்வர். அஜான் சா அவர்களுக்கு இட்ட கட்டளை விசித்திரமானது: யாரும் எதுவும் போடாவிட்டாலும் பரவாயில்லை, தினமும் காலையில் பாத்திரத்தோடு பிச்சைக்குப் போங்கள். போனார்கள். பாத்திரம் காலியாகத்தான் திரும்பியது. ஆனால் ஹேம்ஸ்டெட் புல்வெளியில் அவர்களைத் தினமும் பார்த்த, காலை ஓட்டக்காரர் ஒருவர் நின்று விசாரித்தார். சசெக்ஸில் அவருக்கு ஒரு காடு இருந்தது, அதைக் கொடுத்துவிட்டார். 1979இல் பக்கத்திலேயே சிதைந்து கிடந்த சிதர்ஸ்ட் மாளிகைக்குப் பிக்குகள் குடிபோனார்கள். 1981இல் அங்கே சீமை என்ற சடங்கு எல்லையை வகுத்து, உபசம்பதை வழங்கும் அதிகாரத்தைச் சுமேதோவுக்கு அளித்தவர் இலங்கையிலிருந்து வந்த முதிய தேரர். பெயர் பலாங்கொடை ஆனந்த மைத்ரேயர். பாலியில் சொன்னால் ஆனந்த மெத்தேயர். தற்செயல்தான். ஆனாலும் அந்தப் பெயரைப் படித்தபோது கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்பாமல் இருந்தேன்.

அந்த மடத்திலும் அதன் கிளைகளிலும் விதிகள் இன்றும் பென்னட் காலத்து விதிகளே. பணம் அறக்கட்டளையின் கையில். உணவு கையில் கொடுத்தால்தான். நண்பகல் கணக்கில் மட்டும் ஒரு சுவையான நெளிவு: கோடைகாலத்தில் பிரிட்டன் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைக்கிறது, சூரியன் உச்சிக்கு வர மணி ஒன்றாகிவிடுவதால், பிக்குகள் ஒரு மணிவரை சாப்பிடலாம். கடிகாரத்தைத் தள்ளிவைக்கும் சட்டம் 1916இல் வந்தது. 1908இல் நாடாளுமன்றத்தில் அந்த மசோதா வெறும் பேச்சாக இருந்தது. ஒரு மணி நேரச் சலுகைகூட பென்னட்டுக்கு வாய்க்கவில்லை.

இன்றைக்கு மேற்கில் பௌத்தம் என்றால் பலருக்கு நினைவு வருவது கைபேசிச் செயலியும், அலுவலகத்தில் பத்து நிமிட மூச்சுப் பயிற்சியும். அதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. தூக்கமில்லாதவருக்கு அது உதவுகிறது. ஆனால் அது 1907 லண்டன் சந்தா சங்கத்தின் வழிவந்தது. யாருக்கும் சோறு கொண்டுபோக வேண்டாத, தனியாக உட்கார்ந்து செய்துகொள்ளும் பௌத்தம். அது பல லட்சம் பேரிடம் பரவும். ஒரு பிக்குவை மூன்று நாள் காப்பாற்றாது. 1908 பயணம் தோற்றதற்கு நான் எழுதும் தீர்ப்பும் இதுவே: பிக்கு தோற்கவில்லை, அவருக்குப் பக்கத்து வீடு இல்லை.

பென்னட் 1923 மார்ச் 9 அன்று லண்டனில் இறந்தார். மார்டன் கல்லறைத் தோட்டத்தில் இடம் வாங்கப் பணம் அனுப்பியவர் கொழும்பைச் சேர்ந்த மருத்துவர் ஹேவாவிதாரண, தர்மபாலரின் தம்பி. பென்னட்டை அடக்கம் செய்யவும் ஆசியப் பணமே வந்தது.

என் தேடலில் இன்னும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஹ்லா அவுங் சீமாட்டி இந்தப் பயணத்தைப் பற்றித் தன் வாயால் சொன்னது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து ரங்கூனில் தமிழர்கள் நிறைய இருந்தார்கள். அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போதும் 1960களிலும் திரும்பி வந்த குடும்பங்கள் கொண்டுவந்த டிரங்குப் பெட்டிகள் சென்னையிலும் செட்டிநாட்டிலும் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. உங்கள் தாத்தா, பாட்டி பெட்டியில் 1903க்கும் 1914க்கும் இடைப்பட்ட ரங்கூன் காகிதம் எதுவாவது கிடந்தால், அட்டை கிழிந்து கரையான் அரித்திருந்தாலும் சரி, பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு நூலகத்தில் காட்டுங்கள்.